பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ழான் விலார்

எங்கள் நைனாவிடம் ஆறு பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இருந்தன. அணைக்கட்டு, ஒடுகத்தூர், பள்ளிகொண்டா பக்கம் எந்த ஊரில் பாரதக் கூத்து வைத்தாலும் விளக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பது என் வேலை. அப்போது எனக்கு ஒன்பது, பத்து வயசு இருக்கும்.

விளக்கு ஏற்றுவதை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். மேன்டில் பையைக் கட்டி, கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, அது நீலமாக எரிந்து அடங்குகிற நேரம் பார்த்து பம்ப் அடிப்பார். உஸ்ஸென்று சத்தம் வரும், மேன்டில் முதலில் சிவக்கும், அப்புறம் வெளுக்கும். அதற்கப்புறம் ஒரு காரியம் செய்வார். எண்ணெய் டின் ஒன்றை வெட்டி, வளைத்து, ஆணியால் ஓட்டை போட்டு வைத்திருந்தார். அந்தத் தகரத்தை விளக்கில் ஜனங்கள் உட்காரும் பக்கமாக மாட்டுவார். மாட்டிவிட்டு முன்வரிசையில் போய்க் குந்துவார். அங்கே கிழவிகள் பேரப்பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தி, கண் கூசுகிறதா என்று பார்ப்பார். கூசினால் எழுந்து போய்த் தகரத்தை ஒரு விரல் அளவு திருப்புவார்.

ராத்திரி ரெண்டு மணிக்கு மேல் துரியோதனன் வேஷம் வரும். ரெண்டு பேர் திரை பிடிப்பார்கள். மேலே கிரீடத்தின் நுனியும் கீழே சலங்கைக் காலும் மட்டும் தெரியும். முகவீணை ஏறும். அந்த நேரத்துக்குச் சற்று முன்னால் நைனா ஆறு விளக்குக்கும் ஓடி ஓடி பம்ப் அடிப்பார். ஒரு தடவை தூக்கக் கலக்கத்தில் நான் ஒரு விளக்கை விட்டுவிட்டேன். "திரை வெலகும்போது வெளிச்சம் மங்கலா இருந்தா, அவன் சாயங்காலம் புடிச்சி மூஞ்சி எழுதுனது இன்னாத்துக்குடா?" என்று கேட்டார். அடிக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் அந்தக் கேள்வி என் காதில் இருக்கிறது.

இப்போது நான் மைக் செட்டும் லைட்டும் வாடகைக்கு விடுகிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் போகிறேன். கூத்துக்கு மட்டும் பையன்களை அனுப்பாமல் நானே போவேன். அப்படிப்பட்டவன் ஒரு பிரெஞ்சு நடிகரைப் பற்றி எழுத வந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் பாண்டிச்சேரி மாமா.

மாமா என் அத்தையைக் கட்டியவர். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. லீவுக்குப் போனால் வாசலில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கொலுவாஸ் சிகரெட் பிடித்துக்கொண்டு பேசுவார். 1950களில் பாரிஸில் இருந்தபோது, கார் தொழிற்சாலையில் வேலை செய்த ஒரு சிநேகிதன் அவரை நாடகத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறான். ஷையோ என்ற பெரிய அரங்கம். மொலியேர் எழுதிய 'தோம் ழுவான்'. கதாநாயகனாக வந்தவர்தான் ழான் விலார். அவரே அந்த அரங்கத்தின் இயக்குநர், அந்தக் குழுவின் தலைவர். "மாப்ள, உங்க ஊரு கட்டியங்காரன் அங்க இருக்கான்டா" என்பார் மாமா. கூத்தில் ஜனங்களைச் சிரிக்க வைக்கிற வேஷம்தான் கட்டியங்காரன். எஜமானன் தோம் ழுவானை நரகம் விழுங்கியதும் வேலைக்காரன் ஸ்கனாரெல், "ஐயோ என் சம்பளம்!" என்று கத்துவானாம். தானியேல் சொரானோ என்ற நடிகர் அந்த வேஷம் கட்டினார். மாமா எழுந்து நின்று அதை நடித்துக் காட்டும்போது அத்தை அடுப்படியிலிருந்தே சிரிக்கும்.

அன்றைக்கு வாங்கிய சின்னப் புத்தகம் ஒன்றை மாமா வைத்திருந்தார். முழு நாடகமும் அதில் அச்சாகியிருந்தது, நாடகப் படங்களோடு. அட்டையில் மூட்டைமேல் அச்சு வைத்து மை அடித்தது மாதிரி மூன்றெழுத்து: தே, என், பே. மக்களுக்கான தேசிய நாடக அரங்கு என்பதன் சுருக்கம். அதை வரைந்தவர் மார்செல் ழாக்னோ. மாமா பிடித்த கொலுவாஸ் பெட்டியில் இறக்கை வைத்த தலைக்கவசம் இருக்குமே, அந்தப் பெட்டியை வடிவமைத்தவரும் அவரேதான். பத்திரமாக எடுத்து வைத்த புத்தகத்திலும் தினமும் தூக்கிப்போட்ட சிகரெட் பெட்டியிலும் ஒரே ஆளின் கை இருந்தது மாமாவுக்குத் தெரியாமலே போய்விட்டது. அவர் பேத்தி பிரெஞ்சு படித்தவள். அவள்தான் பின்னால் கண்டுபிடித்துச் சொன்னாள். விலாரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் முக்கால்வாசி அவள் போனில் படித்து, தமிழில் சொல்லிக் கேட்டதுதான்.

விலார் 1912இல் தெற்கு பிரான்சின் கடலோரத்தில் ஸேத் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். மீன்பிடிக்கிற ஊர். அப்பா நூல், பொத்தான், துணிமணி விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். பையன் வயலின் கற்றுக்கொண்டான். இருபது வயசில் படிக்கப் பாரிஸ் போனவர், ஷார்ல் துய்லான் என்ற பெரிய நடிகரின் ஒத்திகையைப் போய்ப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் படிப்பு படிப்பாக இல்லை. துய்லானிடமே மாணவராகச் சேர்ந்தார். யுத்த காலத்தில் ஜெர்மன்காரன் பிரான்சைப் பிடித்து வைத்திருந்தபோது, ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் குழு ஒன்றில் சுற்றினார். சின்னச் சின்ன ஊர்கள், கிடைத்த இடத்தில் மேடை. இதைக் கேட்டபோது எனக்கு மாட்டு வண்டியில் ஆர்மோனியப் பெட்டியையும் கட்டைப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு கூத்துக்காரர்கள் எங்கள் ஊர் ஏரிக்கரையில் வருகிற காட்சிதான் வந்தது.

1947இல் அவிஞ்ஞோன் நகரில் ஓவியக் கண்காட்சி ஒன்று ஏற்பாடானது. அந்த ஊரில் போப்பாண்டவர்கள் 14ஆம் நூற்றாண்டில் கட்டி வாழ்ந்த கோட்டை போன்ற அரண்மனை இருக்கிறது. அதன் உள்முற்றத்தில் ஒரு நாடகம் போடச் சொல்லி விலாரைக் கேட்டார்கள். முற்றத்தைப் பார்த்துவிட்டு முதலில் முடியாது என்று சொல்லிவிட்டார். இடம் அவ்வளவு பெரிசு, நாடகத்துக்கென்று ஒரு வடிவமும் இல்லை. பிறகு அவரே திரும்பி வந்து, ஒன்றில்லை, மூன்று நாடகம் போடுகிறேன் என்றார். மேடை போட்டுக்கொடுத்தது ராணுவத்தின் பொறியியல் படைக்காரர்கள். அந்த செப்டம்பரில் ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்' நாடகத்தில் ராஜா வேஷம் அவரே கட்டினார். அவிஞ்ஞோன் நாடக விழா பிறந்தது அப்படித்தான்.

வேலூர்க்காரர்கள் அந்த இடத்தைக் கற்பனை செய்ய ரொம்பக் கஷ்டப்பட வேண்டாம். நம் கோட்டைக்குள் சாயங்காலம் போய், கருங்கல் சுவரின் மேல் வெயில் இறங்கி, அகழியிலிருந்து காற்று வரும்போது நின்று பாருங்கள். மனிதன் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறான் என்று புரியும். அவிஞ்ஞோனில் இதோடு மிஸ்த்ரால் என்ற வடக்குக் காற்று வேறு. அது கிளம்பினால் ராஜாவின் மேலங்கி கொடி மாதிரி பறக்கும். அந்தக் கல்லோடும் காற்றோடும் விலார் சண்டைக்குப் போகவில்லை. வரைந்த திரைச்சீலை, அட்டை மாளிகை, அட்டை மரம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். பெரிய வெற்று மேடை. லெயோன் கிஷியா என்ற ஓவியர் வடிவமைத்த, அடிக்கிற நிறத்தில் உடைகள். சுற்றிலும் இருட்டு. மிச்ச எல்லாம் வெளிச்சம்.

அந்த வெளிச்சக்காரர் பெயர் பியேர் சவெரோன். இந்தப் பெயர் தெரிந்த நாளில் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராஜா சபை முடிந்து காடு வர வேண்டும் என்றால் சவெரோன் வெளிச்சத்தின் பக்கத்தையும் அளவையும் மாற்றுவார், அவ்வளவுதான். கூத்திலும் அதே கதை. கூத்து ஆடுகிற இடமான களரியில் ஒரு பெஞ்சு போட்டிருக்கும். அதுதான் சிம்மாசனம், அதுதான் தேர், அதுதான் அர்ச்சுனன் ஏறும் மலை. ஒரு சுற்று சுற்றிவந்தால் அஸ்தினாபுரத்திலிருந்து வனத்துக்கு வந்தாயிற்று. இப்போது சில ஊர்களில் கூத்துக்கும் கலர் கலராகச் சுழலும் லைட் கேட்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. வேஷக்காரன் முகத்தில் சிவப்பு, பச்சை, கறுப்பு என்று பார்த்துப் பார்த்து எழுதியிருப்பான். அதன் மேல் நீல லைட்டைச் சுற்றிவிட்டால் எழுத்து அத்தனையும் சேறாகிவிடும். இதனால் ரெண்டு மூன்று ஊர் வாடகை போயிருக்கிறது. போகட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு நாடகங்களில் திரை எழும்பும் முன் தரையில் மூன்று தட்டு தட்டுவது பழைய வழக்கம். விலார் அதற்குப் பதில் எக்காளம் ஊத வைத்தார். அதற்கு இசையமைத்தவர் மோரீஸ் ழார். பிற்பாடு 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்துக்கு இசையமைத்து ஆஸ்கர் வாங்கிய அதே ழார். அந்த அரண்மனை முற்றத்தில் இன்றைக்கும் நாடகம் தொடங்கும் முன் அவருடைய எக்காளம் ஒலிக்கிறது. நம் பக்கம் களரி கட்டுவது என்போம். மத்தளம், தாளம், முகவீணை எல்லாம் சேர்ந்து, வேஷம் ஒன்றும் வராமலே முழங்கும். அதைக் கேட்டுத்தான் சோறு தின்றுகொண்டிருப்பவர்கள் கையைக் கழுவிக்கொண்டு பாயோடு கிளம்புவார்கள்.

1951இல் தே.என்.பே. பொறுப்பை விலாரிடம் கொடுத்தார்கள். அது 1920இல் ஃபிர்மேன் ழெமியே என்ற நடிகர் ஆரம்பித்தது. நடுவில் சுரத்தில்லாமல் கிடந்தது. விலாரை நம்பிக் கொடுத்தவர் ழான் லொரான் என்ற பெண் அதிகாரி. அடுத்த வருஷமே அவரை அந்தப் பதவியிலிருந்து மாற்றிவிட்டார்கள். நல்லது செய்த அதிகாரிக்கு மாற்றல் வருவது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது. விலார் பொறுப்பேற்ற சமயம் ஷையோ அரங்கத்தில் ஐக்கிய நாடுகள் சபைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இடமில்லை. அவர் காத்திருக்கவில்லை. சுரேன் என்ற தொழிலாளர் புறநகருக்குப் போய் அங்கேயே ஆரம்பித்துவிட்டார். சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நாடகம், கச்சேரி, சாப்பாடு, கடைசியில் எல்லோரும் ஆடும் நடனம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், நம் ஊர்த் திருவிழா.

விலாரின் நடிப்பைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். மாக்பெத் கட்டினார், கருமி அர்பகோன் கட்டினார், 1960இல் பிரெக்டின் அர்த்தூரோ ஊய் கட்டினார். என் மனசில் நிற்பது அவர் நேரத்தையும் காசையும் கையாண்ட விதம். பாரிஸில் நாடகம் என்றால் ராத்திரி ஒன்பது மணி வாக்கில் தொடங்கும். பெரிய மனிதர்கள் சாப்பிட்டு, உடுத்தி, வந்து சேர வேண்டுமே. விலார் எட்டு மணிக்குத் தொடங்கினார். புறநகரிலிருந்து வரும் தொழிலாளி வீடு திரும்பி மறுநாள் வேலைக்குப் போக வேண்டும். வேலை முடிந்து நேராக வருபவன் அரங்கத்திலேயே குறைந்த விலையில் சாப்பிட ஏற்பாடு செய்தார். கோட்டு கழற்றி வைக்கும் இடத்தில் காசு கிடையாது. இருக்கை காட்டும் பெண்களுக்கு டிப்ஸ் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தினார். இது ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் டிக்கெட்டுக்குக் கணக்காகக் காசு கொண்டுவந்தவனுக்கு, கை நீட்டுகிறவர் முன் பையைத் தடவும் அந்த ஒரு நிமிஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மாமா அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். "ஒருத்தன்கூட என்னை மேலயும் கீழயும் பாக்கலடா மாப்ள. நேராப் போயி உக்காந்தேன்."

தண்ணீர், கேஸ், கரண்ட் மாதிரி நாடகமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய பொதுச் சேவை என்பது விலாரின் கொள்கை. நம் பாரதத்துக்கு டிக்கெட்டே கிடையாது. தலைக்கட்டு வரி போட்டு ஊரே செலவு செய்யும், யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். போஸ்டரில் விலார் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. இயக்கம் என்கிற பொருளில் பிரெஞ்சில் வழக்கமாகப் போடும் பெரிய வார்த்தையைத் தவிர்த்து, மேடைக் காரியங்களைக் கவனிப்பவர் என்கிற மாதிரி 'ரெழி' என்று போட்டார். நடிகர் பெயர்கள் அகர வரிசையில் வரும். ழெரார் ஃபிலிப் அப்போது பிரான்சின் பெரிய சினிமா நட்சத்திரம். 1951இல் விலாரிடம் வந்து சேர்ந்தவருக்கும் அதே அகர வரிசைதான். அவர் 'லெ ஸீத்' நாடகத்தில் ரோத்ரீக் வேஷம் கட்டினால் சின்னப் பையன்கள் முதல் கிழவர்கள் வரை சொக்கிப்போவார்களாம். 1959 நவம்பரில், 37 வயது நிறைய இன்னும் சில நாள் இருக்கும்போது, புற்றுநோயில் போய்விட்டார். அந்த ரோத்ரீக் உடையிலேயே அடக்கம் செய்தார்கள். இதைச் சொல்லும்போது பேத்தியின் குரல் தழுதழுத்தது. நானும் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நகரத்து மண்டபத்தில் கூத்து ஏற்பாடு செய்தார்கள். எந்த மண்டபம் என்பது வேண்டாம். லைட் என்னுடையது. எட்டு மணி நேரக் கூத்தை நாற்பது நிமிஷத்தில் முடிக்கச் சொல்லியிருந்தார்கள், சரி. முன்னால் ரெண்டு வரிசை சோபா, வெள்ளைத் துண்டு போட்டு, அழைப்பாளர்களுக்கு என்று. திரௌபதி வேஷம் கட்டியவரின் அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்தது. கண் சரியாகத் தெரியாது. முன்னால் போய் உட்காரப் போனதைக் காவலுக்கு நின்ற ஆள் எழுப்பி, பின்னால் போகச் சொன்னான். சோபாவில் பாதிக்கு மேல் கடைசி வரை ஆளே வரவில்லை. அந்த அம்மா கடைசி வரிசையில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றே பார்த்தது. நான் லைட் போர்டு பக்கத்திலிருந்து எழுந்து போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. ஒரு ஸ்டூல் கொண்டுபோய்ப் போட்டதோடு சரி. இன்னும் அது நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.

பேத்தி ஒரு கணக்கு சொன்னாள். 1947இல் அந்த முதல் அவிஞ்ஞோன் விழாவுக்கு வந்தவர்கள் 4,800 பேர். அதில் காசு கொடுத்து வந்தவர்கள் 2,900 பேர்தான், மற்றவர்கள் அழைப்பிதழில் வந்தவர்கள். அவ்வளவு பேருக்கு இலவச அழைப்பு கொடுத்தது விலாருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு அந்தக் காலி சோபாக்கள்தான் ஞாபகம் வந்தன.

அரசாங்கம் தரும் பணம் போதவில்லை என்பதால் 1963இல் தே.என்.பே.யை விட்டு விலகினார். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் பார்வையாளர் எண்ணிக்கை ஐம்பது லட்சத்துக்கும் மேல். அவிஞ்ஞோனை மட்டும் விடவில்லை. 1968இல் பிரான்ஸ் முழுக்க மாணவர் போராட்டம். ஜூலையில் அது அவிஞ்ஞோனுக்கும் வந்தது. அவரை போர்ச்சுகல் சர்வாதிகாரி சலஸாரோடு சேர்த்து வைத்துத் தெருவில் கோஷம் போட்டார்கள். சாமானியர்களுக்காக டிப்ஸை ஒழித்த மனிதரை! போராடிய பிள்ளைகளுக்கும் நியாயம் இருந்திருக்கும், அந்தக் காலம் அப்படி. ஆனாலும் இந்த இடத்தில் எனக்கு விலார் பக்கம்தான். அந்த வருஷமே மாரடைப்பு வந்தது. 1971 மே மாதம் 28ஆம் தேதி பிறந்த ஊரிலேயே இறந்தார். 59 வயசு. கடலைப் பார்த்த மேட்டில் இருக்கும் ஸேத் இடுகாட்டில் கிடக்கிறார்.

அவர் போய்ப் பதினான்கு வருஷம் கழித்து, 1985 ஜூலையில், அவர் ஆரம்பித்த அதே அவிஞ்ஞோன் விழாவில் மகாபாரதம் நடந்தது. பீட்டர் புரூக் இயக்கினார். ஊருக்கு வெளியே பூல்போன் என்ற இடத்தில் கல்குவாரிக்குள்ளே, கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம், ராத்திரி தொடங்கி விடிய விடிய. திரௌபதியாக வந்தவர் நம் மல்லிகா சாராபாய். அப்புறம் 2016இல் பாரிஸில் அரியான் ம்னுஷ்கின் தன் நாடகம் ஒன்றில் தெருக்கூத்தையே கொண்டுவந்தார். அவருடைய நடிகர்களுக்குக் கூத்து சொல்லிக்கொடுத்தவர் புரிசை சம்பந்தத் தம்பிரான். புரிசை செய்யாறு பக்கம். 1989இல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை நாமெல்லாம் ஒரே வட ஆற்காடு. ம்னுஷ்கின் அரங்கத்தில் நடிகர்கள் வேஷம் போடுவதைப் பார்வையாளர்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாமாம். எங்கள் ஊரில் நாங்கள் ஓலைத் தடுப்பின் சந்து வழியாகப் பார்த்ததும் அதைத்தான்.

விலார் எட்டு மணிக்குத் தொடங்கியது கடைசி ரயிலுக்காக. நம் கூத்து ஏன் விடிய விடிய நடக்கிறது என்று யாராவது கேட்டால் நைனா, "ராத்திரி பஸ் ஏது? அவங்க எப்பிடிப் போவாங்க? விடிஞ்சாத்தான போவ முடியும்" என்பார். சாமி காரியம், சாஸ்திரம் எல்லாம் பெரியவர்கள் சொல்வார்கள். விளக்குக்காரருக்கு இதுதான் காரணம்.

போன வைகாசியில் அணைக்கட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கர்ண மோட்சம். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொன்னார்கள். அதையெல்லாம் கொண்டுபோய் ஓரத்தில் போட்டுவிட்டு, முன்னால் பாய் விரித்தேன். கேட்டவர்களுக்கு, லைட் அடிக்க நாற்காலி தடுக்குது என்றேன். கிழவிகள் வந்து உட்கார்ந்தார்கள். நானும் போய்க் குந்திப் பார்த்தேன், எல்.இ.டி. கண்ணில் அடிக்கத்தான் செய்தது. கம்பத்தில் ஏறி ஒரு அட்டையைக் கட்டி மறைத்தேன்.

விடிகாலை ஐந்து மணி டவுன் பஸ் வந்து ஆலமரத்தடியில் நின்றது. களரியில் கர்ணன் தேர்க்காலில் சாய்ந்து கிடக்கிறான், பொன்னுருவி அழுகிறாள். ஏறுவதற்கு ஒருவரும் எழுந்திருக்கவில்லை. டிரைவர் எஞ்சினை நிறுத்தினார், ஹெட்லைட்டையும் அணைத்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தவர் ஊதாமல் இறங்கி வந்து, பாயின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.